கடற்கரை ஊரில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பராமரிப்பது எப்படி?

விருத்தாசலத்தில் குடியிருந்தபோது எங்கள் வீட்டு பாத்ரூமில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்பது வருஷம் ஓடியது. அதை ஒரு தடவைகூடக் கழற்றித் துடைத்ததாக ஞாபகம் இல்லை. பிறகு கடலூருக்கு மாறி, தேவனாம்பட்டினம் போகிற வழியில் ஒரு மாடி வீடு பிடித்தோம். அங்கே புதிதாக மாட்டிய ஃபேன் இரண்டாவது மழைக்காலத்தையே தாண்டவில்லை. பழுது பார்க்க வந்த எலக்ட்ரீஷியன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தியதும் திருகின் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்தது. மீதி சுவரிலேயே தங்கிவிட்டது. "கடல் பக்கம் சார், எல்லாமே இப்படித்தான்" என்றார்.

அவர் சொன்னதில் பாதிதான் சரி. இப்போது ஓடுவது அதற்கு அடுத்து வாங்கியது. ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதே வீடு, அதே சுவர். நான் கற்றுக்கொண்டது இதுதான்: நம் ஊரில் ஃபேனைக் கெடுப்பது அழுக்கை விட உப்புதான். ஆகவே ஃபேனைச் சுத்தம் செய்வது என்றால் தூசி தட்டுவது மட்டும் இல்லை, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து எடுப்பது. அப்புறம், திருகுகளைத் துருப்பிடிக்காமல் காப்பது. இந்த இரண்டையும் செய்தால் மற்றதெல்லாம் சாதாரண வேலைதான்.

உப்புக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் சமையலறையில் உப்பு ஜாடி கசகசவென்று ஆவதைப் பார்த்திருப்பீர்கள். அதே கசகசப்புதான் ஃபேனின் இரும்புச் சட்டத்திலும் திருகுத் தலையிலும் ராத்திரி பகலாக நடக்கிறது. பாத்ரூம் காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். உப்புப் படிந்த இடம் காய்வதே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் கொண்டல் காற்று கடலிலிருந்து நேராக வீட்டுக்குள் வரும். கோடையிலும் மதியத்துக்கு மேல் கடற்காற்று உண்டு. ஓல்டு டவுன், தேவனாம்பட்டினம், புதுச்சேரிப் பக்கம் குருசுக்குப்பம், வைத்திக்குப்பம் என்று கடலை ஒட்டி இருப்பவர்கள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை துடைத்துவிடுவது நல்லது. நெல்லிக்குப்பம், வில்லியனூர் என்று உள்ளே தள்ளி இருந்தால் வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும்.

இது மேலாகத் துடைப்பதற்கான கணக்கு. கழற்றிச் செய்கிற பெரிய சுத்தம் வருஷத்துக்கு இரண்டு முறை. நாள் பார்க்கவே வேண்டாம், நம் வழக்கத்திலேயே இருக்கிறது: ஒன்று ஆயுத பூஜை, இன்னொன்று போகி. ஆயுத பூஜை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வருகிறது, போகி மழை முடிந்த பிறகு வருகிறது. சைக்கிளுக்கும் கிரைண்டருக்கும் பொட்டு வைக்கும் அன்றைக்கு பாத்ரூம் ஃபேனையும் கழற்றிவிடுங்கள். அதற்குப் பொட்டு வைப்பது உங்கள் விருப்பம்.

முதலில் கரண்ட்

சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டு ஃபேனில் கை வைக்கக் கூடாது. பழைய வீடுகளில் சுவிட்சைக் கரண்ட் வருகிற பேஸ் ஒயரில் போடாமல், அது திரும்பிப் போகிற நியூட்ரல் ஒயரில் போட்டிருப்பது உண்டு. அப்படி இருந்தால் சுவிட்சை அணைத்தாலும் ஃபேன் நிற்குமே தவிர, உள்ளே 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும். அந்த லைனுக்கு உரிய ட்ரிப்பரை இறக்குங்கள். எது எந்த லைனுக்கு என்று தெரியாவிட்டால் மெயினையே இறக்கிவிடுங்கள். மேலே ஒரு துண்டுத் தாளில் "வேலை நடக்கிறது" என்று எழுதி ஒட்டி, வீட்டில் இருப்பவர்களிடம் வாயாலும் சொல்லிவிடுங்கள். சீரியல் நேரத்தில் தாளை யாரும் படிப்பதில்லை.

இன்னொரு தப்பு நிறையப் பேர் செய்வது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போகும். "சரி, இப்போது செய்துவிடலாம்" என்று ஸ்டூலைப் போடுவார்கள். கரண்ட் எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்பது ஒரு பக்கம். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பாத்ரூம் லைட்டும் எக்ஸாஸ்ட் ஃபேனும் பெரும்பாலும் அந்த லைனில்தான் இருக்கும் என்பது இன்னொரு பக்கம். தெருவில் கரண்ட் இல்லாவிட்டாலும் உங்கள் ஃபேனில் இருக்கும். எனவே மெயினை இறக்கும்போது இன்வெர்ட்டரையும் அணைக்க வேண்டும்.

கடைசியாக டெஸ்டர். முதலில் கரண்ட் இருக்கிற ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்து டெஸ்டரே எரிகிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். அதன் பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஃபேன் பிளக்கில், ஒயர் சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். செத்துப்போன டெஸ்டரை நம்பிக் கை வைப்பது டெஸ்டரே இல்லாமல் கை வைப்பதை விட மோசம்.

யாரும் குளிக்காத மதிய நேரமாகப் பார்த்து வேலையை வையுங்கள். தரை காய்ந்திருக்க வேண்டும். பிளாஸ்டிக் ஸ்டூல், கவிழ்த்த பக்கெட் இரண்டின் மேலும் ஏற வேண்டாம். டைல்ஸ் தரையில் வழுக்கும். மடக்கு ஏணி இருந்தால் நல்லது, கீழே ஒருவர் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எடுத்து வைக்க வேண்டியவை

ஸ்டார், பட்டை என இரண்டு ஸ்க்ரூ டிரைவர். பழைய டூத் பிரஷ். ஒன்றரை இஞ்ச் பெயிண்ட் பிரஷ், காய்ந்தது. கிழிந்த பனியன் துணி நாலைந்து துண்டு. பாத்திரம் துலக்கும் திரவ சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர். தையல் மிஷின் எண்ணெய் ஒரு சின்ன பாட்டில். கொஞ்சம் வாசலின் அல்லது கிரீஸ். மூக்கில் கட்ட ஒரு துண்டு. திருகுகளைப் போட்டு வைக்க ஒரு டம்ளர். இது முக்கியம், பாத்ரூமில் கீழே விழுகிற திருகு நேராகத் தண்ணீர் போகிற ஓட்டைக்குத்தான் போகும்.

கழற்றுவது

கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றைக் கழற்றிய பிறகும் ஒன்று. திரும்ப மாட்டும்போது "இது எந்தப் பக்கம் இருந்தது?" என்று முழிக்க வேண்டியிருக்காது.

பாத்ரூமில் பெரும்பாலும் இருப்பது ஆறு இஞ்ச் பிளாஸ்டிக் ஃபேன். அதன் முன் ஜாலி கிளிப்பில் மாட்டியிருக்கும், அல்லது கீழே ஒரே ஒரு திருகு இருக்கும். திருகைக் கழற்றிவிட்டு மெதுவாக இழுங்கள். வராவிட்டால் முரட்டுத்தனம் வேண்டாம். நாள்பட்ட பிளாஸ்டிக் கிளிப் பட்டென்று உடையும். ஸ்க்ரூ டிரைவர் முனையால் லேசாக நெம்பினால் வந்துவிடும்.

அடுத்து இறக்கை. இங்கேதான் புதிதாகச் செய்பவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். டேபிள் ஃபேன் கழற்றியவர்களுக்குத் தெரியும், இறக்கையைப் பிடித்திருக்கும் நடு நட்டு பல மாடல்களில் இடது மரையாக இருக்கும். வழக்கமாகக் கழற்றுகிற திசைக்கு எதிராக, கடிகார முள் சுற்றும் பக்கமாகத் திருப்பினால்தான் கழலும். நட்டின் மேலேயே அம்புக்குறி போட்டிருக்கும். அழுக்கைத் துடைத்துப் பாருங்கள். இறக்கையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு திருப்ப வேண்டும். இரும்புச் சட்டம் போட்ட பெரிய ஃபேன் என்றால் இறக்கையின் நடுவில், மோட்டாரிலிருந்து நீண்டு சுற்றுகிற தண்டை, அதாவது ஷாஃப்டை ஒட்டி, பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருக்கும். அதைத் தளர்த்தி இறக்கையை முன்னால் இழுக்க வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவிட்டு ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். உடனே மல்லுக்கட்டினால் எனக்கு நடந்ததுபோல் தலை மட்டும் கையோடு வரும்.

மோட்டாரைச் சுவரிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. முதல் முறை செய்பவர்கள் ஒயர் பக்கமே போக வேண்டாம். ஜாலியும் இறக்கையும் கீழே வந்துவிட்டால் மற்றதைச் சுவரில் இருக்கும்போதே சுத்தம் செய்யலாம்.

கழுவுவது

இறக்கையில் படிந்திருப்பதை விரலால் தொட்டுப் பாருங்கள். வெறும் தூசியாக இருக்காது. சாம்பல் நிறத்தில், லேசாகப் பிசுபிசுப்பாக, கம்பளிபோல ஒட்டிக்கொண்டு வரும். துண்டிலிருந்து உதிர்ந்த பஞ்சு, முகப் பவுடர், சோப்பு கலந்த ஈரம், தலைமுடி, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவைத்திருக்கும் உப்பு. எங்கள் வீட்டு ஃபேனில் ஒருமுறை பொட்டு ஒன்றும் இருந்தது; யாருடையது என்று யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

முதலில் காய்ந்த பிரஷால் மொத்தமாகத் தட்டி எடுத்துவிடுங்கள். ஈரம் பட்டால் இது களிமண் மாதிரி ஆகிவிடும். பிறகு வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் இறக்கையையும் ஜாலியையும் கால் மணி நேரம் ஊறவைத்து, டூத் பிரஷால் தேய்த்துக் கழுவுங்கள். கொதிக்கும் தண்ணீர் ஊற்றினால் பிளாஸ்டிக் இறக்கை வளைந்துவிடும். ஓரங்களில் வெள்ளையாகக் கட்டியிருப்பது உப்புத் தண்ணீர்க் கறை. பிளாஸ்டிக்கில் இருந்தால் எலுமிச்சம் பழத் துண்டால் தேய்த்தால் போகும். பாத்ரூம் கழுவும் ஆசிட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இரும்பைத் தின்றுவிடும், மூடிய அறையில் அதன் நெடியும் ஆகாது. தரைக்கு ஆசிட் ஊற்றுகிற வழக்கம் இருந்தால் அந்த ஆவியே ஃபேனுக்குக் கெடுதல்தான்.

கடைசி அலசல் நல்ல தண்ணீரில். போர் தண்ணீர் உவர்ப்பாக இருக்கிற தெருக்களில் குடிக்கிற தண்ணீர் ஒரு சொம்பு செலவழியுங்கள். உப்பைப் போக்க உப்புத் தண்ணீர் உதவாது. பிறகு நிழலில் காயவையுங்கள். மொட்டை மாடி வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் இறக்கை நெளிந்துபோக வாய்ப்பு உண்டு. நெளிந்த இறக்கை ஆடும், ஆடுகிற இறக்கை, ஷாஃப்டைத் தாங்கும் வளையமான புஷ்ஷைத் தின்னும்.

மோட்டார் பக்கம் தண்ணீரே கூடாது. பெயிண்ட் பிரஷால் காற்றுத் துளைகளில் இருக்கும் பஞ்சை எடுங்கள். துணியை நல்ல தண்ணீரில் நனைத்து, சொட்டு விழாத அளவுக்கு இறுகப் பிழிந்து, சட்டம், மோட்டாரின் வெளி மூடி, சுவர் ஓட்டையின் உள்பக்கம் எல்லாவற்றையும் துடையுங்கள். அதையடுத்துக் காய்ந்த துணியால் ஒருமுறை.

வெளிப்பக்க ஷட்டரை மறந்துவிடாதீர்கள். ஃபேன் ஓடும்போது திறந்து, நின்றதும் தானாக விழுந்து மூடிக்கொள்ளும் பிளாஸ்டிக் பட்டைகள். அவை அழுக்கில் ஒட்டிக்கொண்டால் ஃபேன் எவ்வளவு ஓடினாலும் காற்று வெளியே போகாது. ஒவ்வொரு பட்டையையும் விரலால் தூக்கி விட்டுப் பாருங்கள். தன் எடையிலேயே விழ வேண்டும். சிலந்தி வலை, குளவிக் கூடு, பல்லி முட்டை எல்லாம் இங்கேதான் இருக்கும். குளவி உயிரோடு இருந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிடுவதே மேல். சிட்டுக்குருவி கூடு கட்டி முட்டை இருந்தால் எங்கள் வீட்டில் குஞ்சு பறக்கும் வரை ஃபேன் போடுவதில்லை. அது என் அம்மா வைத்த சட்டம்.

எண்ணெய்: நான் செய்த தப்பு

இறக்கை இல்லாமல் ஷாஃப்டை விரலால் சுற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்றி மெதுவாக நின்றால் நல்லது. இறுக்கமாக இருந்தாலோ கரகரத்தாலோ எண்ணெய் வேண்டும். மேலும் கீழுமாக ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. அதற்கு எண்ணெய் மருந்து இல்லை, மாற்ற வேண்டும்.

புஷ் உள்ள மோட்டார் என்றால் ஷாஃப்ட் உள்ளே போகிற இடத்தில் தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விட்டு, கையால் சுற்றிவிடுங்கள். வழிகிற அளவுக்கு ஊற்றினால் அதுவே தூசியைப் பிடித்துவைக்கும். பால் பேரிங் உள்ளது என்றால் அது மூடிய பேரிங்காகத்தான் இருக்கும். எண்ணெய் உள்ளே போகாது. சத்தம் வந்தால் பேரிங்கை மாற்றுவதுதான் வழி.

நான் முதல் தடவை ஊற்றியது தேங்காய் எண்ணெய். வீட்டில் அதுதான் இருந்தது, ஃபேனும் உடனே வழுக்கிக்கொண்டு ஓடியது. மார்கழி வந்தது. ஒருநாள் விடியற்காலை சுவிட்சைப் போட்டால் ம்ம்ம் என்று முனகுகிறதே தவிர சுற்றவில்லை. மதியம் போட்டால் சுற்றுகிறது. பேய் பிடித்ததா என்று பார்த்தால், அலமாரியில் இருந்த தேங்காய் எண்ணெய் பாட்டிலும் அதே நேரத்தில் உறைந்து வெள்ளையாக நின்றது. சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் தேங்காய் எண்ணெய் கட்டிவிடும், கடலூர் மார்கழி விடியல் அதற்குக் கீழேதான் இருக்கும். உறையாத மாதங்களிலும் அது நாளடைவில் பிசின்போல ஆகிவிடும். துரு நீக்கும் ஸ்பிரேயும் எண்ணெய்க்குப் பதில் ஆகாது. இறுகியதை இளக்கத்தான் அது. கொஞ்ச நாளில் காய்ந்துவிடும்.

திருகும் சட்டமும்

கழற்றிய பழைய இரும்புத் திருகுகளைத் திரும்பப் போடாதீர்கள். டம்ளரோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய், அதே நீளம், அதே தடிமனில் எஸ்.எஸ்., அதாவது துருப்பிடிக்காத ஸ்டீல் திருகு கேளுங்கள். விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு ஃபேனுக்கு ஆறேழு திருகு, அதில் மிச்சம் பிடித்து எதுவும் ஆகப்போவதில்லை. போடும்போது மரையில் வாசலின் தடவிப் போட்டால் அடுத்த வருஷம் பிடிவாதம் பிடிக்காமல் கழலும்.

இரும்புச் சட்டத்தில் துருப் புள்ளி தெரிந்தால் அது மொட்டாக இருக்கும்போதே உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, அது காய்ந்ததும் எனாமல் பெயிண்ட் ஒரு பூச்சு. துருவின் மேலேயே பெயிண்ட் அடித்தால் உள்ளே அது தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை

எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். இறக்கையைப் பின்பக்கம் முன்பக்கம் மாற்றி மாட்டினால் ஃபேன் ஓடும், காற்று சரியாக இழுக்காது. செல்போன் படத்தைப் பாருங்கள். ஜாலி மூடும் முன் இறக்கையைக் கையால் ஒரு சுற்று விட்டு எங்கும் உரசவில்லை என்று பார்த்துக்கொண்டு, ஏணியிலிருந்து இறங்கிய பிறகுதான் கரண்ட்.

இப்போது தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து வாருங்கள். ஃபேன் ஓடும்போது ஜாலியின் மேல் வைத்துக் கையை எடுங்கள். தாள் ஒட்டிக்கொண்டு நின்றால் ஃபேன் வேலை செய்கிறது. விழுந்துவிட்டால் ஷட்டர் ஒட்டியிருக்கிறது, அல்லது இறக்கை தலைகீழ், அல்லது காற்று உள்ளே வர வழியில்லை.

இந்தக் கடைசிக் காரணத்தைப் பலர் யோசிப்பதே இல்லை. ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயர பாத்ரூமில் இருக்கிற காற்று 280 கன அடி, அதாவது சுமார் 8 கன மீட்டர். ஃபேன் பெட்டியில் மணிக்கு 250 கன மீட்டர் என்று போட்டிருந்தால், கணக்குப்படி இரண்டே நிமிஷத்தில் மொத்தக் காற்றும் மாறிவிட வேண்டும். கதவை இறுக்கி மூடி, அடியில் துணியும் வைத்திருந்தால் எங்கிருந்து மாறும்? வெளியே போகிற அளவுக்கு உள்ளே வந்தாக வேண்டும். கதவுக்கு அடியில் முக்கால் இஞ்ச் இடைவெளி இருக்கட்டும். ஃபேனுக்குப் பக்கத்திலேயே ஒரு ஜன்னல் இருந்தால், ஃபேன் ஓடும்போது அதை மூடிவிடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். குளித்த ஈரம் மூலையிலேயே தங்கிப் பூஞ்சை பிடிக்கும்.

குளித்து முடித்ததும் அணைத்துவிடாமல் இன்னும் 20 நிமிஷம் ஓடவிடுங்கள். 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதம் ஒரு யூனிட்கூட ஆகாது.

புயல் வருகிறது என்றால்

2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடிகாலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு, மழை கீழிருந்தும் பக்கவாட்டிலும்கூட வரும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காற்றுக்கு ஷட்டர் பட்டைகள் ஒரு பொருட்டே இல்லை. எச்சரிக்கை வந்ததும் ஃபேன் லைனின் ட்ரிப்பரை இறக்கிவிட்டு, உள்பக்கம் ஜாலியின் மேல் கெட்டியான பிளாஸ்டிக் ஷீட்டை டேப் போட்டு ஒட்டுங்கள். வெளியே எட்டி ஒட்டுகிற சாகசம் வேண்டாம். புயல் ஓய்ந்த மறுநாளே சுவிட்சைப் போட்டுப் பார்க்கவும் வேண்டாம். மோட்டாருக்குள் தண்ணீர் போயிருந்தால் அதன் கம்பிச் சுருள், அதாவது காயில், கெட்டுப்போய்விடும். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டு ஓடவிடலாம்.

ஃபேன் கிழக்குச் சுவரில் கடலைப் பார்த்து இருந்தால் வெளியே கீழ்நோக்கி வளைந்த ஒரு மூடி போடுவது பெரிய உதவி. புதிதாக ஓட்டை போடப்போகிறீர்கள் என்றால் மேற்குச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

எப்போது எலக்ட்ரீஷியன்

முனகுகிறது, சுற்றவில்லை, கையால் தள்ளினால் சுற்றுகிறது என்றால் பெரும்பாலும் கண்டென்சர். சின்ன விலைதான், ஆனால் அதில் சார்ஜ் நின்றிருக்கும். அதை அவர் பார்த்துக்கொள்ளட்டும். ஒயர் ஜாயின்ட் கறுத்திருந்தால், டேப் பிசுபிசுத்துக் கழன்றிருந்தால், இரும்புச் சட்டத்தைத் தொட்டால் சுர்ரென்றால், உடனே ட்ரிப்பரை இறக்கிவிட்டுக் கூப்பிடுங்கள். வந்தவரிடம் "அண்ணே, எர்த் ஒயர் சட்டத்தில் மாட்டியிருக்கா பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். கேட்காவிட்டால் பச்சை ஒயரை மடக்கி உள்ளே சொருகிவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

காயிலே போய்விட்டது என்றால் சின்ன ஃபேனுக்குக் காயில் கட்டுவது கட்டுப்படியாகாது, புதிது வாங்குவதே லாபம். அப்படி வாங்கப் போகும்போது "ஆறு இஞ்ச் ஃபேன்" என்று மட்டும் சொல்லிக் கேட்காதீர்கள். அந்த ஆறு இஞ்ச் இறக்கையின் அளவு. வெளிச் சட்டத்துக்கும் சுவர் ஓட்டைக்கும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் உண்டு. நான் அளக்காமல் வாங்கிவந்து, ஓட்டையைப் பெரிதாக்கக் கொத்தனாரைத் தேடி, அவர் "இந்தச் சின்ன வேலைக்கா" என்று மூன்று நாள் இழுத்தடித்தார். ஓட்டையின் அகலம், உயரம், சுவரின் கனம் மூன்றையும் டேப்பில் அளந்து செல்போனில் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.